எங்கள் தெருத் தண்ணீர்

எனக்கு யாரையும் லேசில் நம்பத் தெரியாது. கடைக்காரர் சிரித்தால்கூட நான் தராசைத்தான் பார்ப்பேன். "உன் நிழல் பின்னாடி வந்தாலும், ஏன் வர்றேன்னு கேப்பே," என்பார் என் கணவர். கேட்பேன்தான்.

ஆனால் குடிநீர் வாரியத்தின் அறிக்கையை எப்படியோ நம்பிவிட்டேன். மகளுக்குச் சில மாதம்தான் ஆகிறது, புட்டிப்பால். எங்கள் கட்டடம் அரதப்பழசு. சுவருக்குள் ஓடுவது ஈயக்குழாய் என்று குழாய் ரிப்பேர்காரர் ஒரு தடவை வயிற்றில் புளியைக் கரைத்துவிட்டுப் போயிருந்தார். ஈயம் குழந்தையின் மூளைக்கு ஆகாது. தண்ணீரைக் கொதிக்கவைத்தாலும் அது போகாது. வாரியத்தின் இணையதளத்தில் தேடினேன். தெருவாரியாகப் பரிசோதனை முடிவுகள் இருந்தன. எங்கள் தெருவுக்கு நேரே, 'ஈயம்: இல்லை'. அப்பாடா என்று குழாய்த் தண்ணீரிலேயே பால் கலக்க ஆரம்பித்தேன்.

இன்று காலை கெட்டிலைக் கழுவும்போது அடியில் வழக்கம்போல வெள்ளைச் சுண்ணாம்பு. சுரண்டச் சுரண்ட வந்தது. அந்த அறிக்கையில் இதைப் பற்றியும் ஏதோ இருந்ததே என்று தோன்ற, கையைத் துடைத்துக்கொண்டு மறுபடி திறந்தேன். ஈயத்துக்குக் கீழே, நான் கண்டுகொள்ளாமல் விட்ட கட்டம்: 'கடினத்தன்மை: மிகக் குறைவு'. அதாவது சுண்ணாம்பே இல்லாத தண்ணீராம். பக்கத்துத் தெருக்களில் கடினத்தன்மையும் இருந்தது, ஈயமும் கொஞ்சம் இருந்தது. எங்கள் தெரு மட்டும் பத்தரைமாற்றுத் தங்கம்.

"நல்லா காதுல பூ சுத்தியிருக்காங்க," என்றேன். "உக்காந்த இடத்துலயே எழுதித் தள்ளிட்டாங்க."

"ஆரம்பிச்சிட்டியா," என்று கணவர் வேலைக்குக் கிளம்பிவிட்டார்.

வாரியத்தின் ஆய்வகத்துக்குப் போன் போட்டேன். எடுத்தது ஒரு பெண்.

"எங்க தெருத் தண்ணிய யாருங்க பிடிச்சது? ஒரு ஆளும் வந்து நான் பாக்கலையே."

"நாங்க பிடிக்கிறதில்லைங்க. ராத்திரி பூரா திறக்காத குழாயில காலைல வர்ற முதல் தண்ணி வேணும். அதனால வீட்டுக்கே பாட்டில் குடுத்துடுவோம். அவங்களே பிடிச்சு வாசல்ல வச்சிடுவாங்க."

"எந்த வீடு?"

"அதைச் சொல்லக்கூடாதுங்க. உங்க தெருவுல ஒரே ஒருத்தர்தான் ஒத்துக்கிட்டார். தங்கமான மனுஷன். பாட்டிலைத் துணியில சுத்தி, நன்றின்னு சீட்டு எழுதி வச்சிருந்தார்."

போனை வைத்தேன். பழைய செருப்பைத் தைக்கக் கொடுத்தால்கூடத் துணியில் சுற்றிச் சீட்டு எழுதி வைக்கிறவர் எங்கள் தெருவில் ஒருவர்தான். என் மாமனார். பக்கத்து அறையில் பேத்திக்குப் பால் புகட்டிக்கொண்டிருந்தார்.

"மாமா, வாரியத்துக்குத் தண்ணி பிடிச்சுக் குடுத்தீங்களா?"

"ஆமாம்மா. நீ பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில இருந்தப்போ."

"குழாயிலதானே பிடிச்சீங்க?"

"அதெப்படி? காலைல முதல் தண்ணி பழுப்பா, கலங்கலா வருது. அதைப் போய் வெளியாளுங்க கையில குடுத்தா நம்ம வீட்டைப் பத்தி என்ன நினைப்பாங்க? என் ஜாடியிலேர்ந்து ஊத்திக் குடுத்தேன்."

சிறுநீரகத்தில் கல் வந்ததிலிருந்து அவருக்கென்று தனியாக ஒரு ஃபில்டர் ஜாடி உண்டு. சுண்ணாம்பு, ஈயம் எல்லாவற்றையும் அது வடிகட்டிவிடும். அந்தத் தண்ணீரைத்தான் வாரியம் சோதித்து, எங்கள் தெருவின் தண்ணீர் என்று எழுதி வைத்திருக்கிறது. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அவர்மேல் பாதி, என்மேல் பாதி. ஊரையே சந்தேகப்பட்டவள், வீட்டுக்குள் ஒரு கேள்வி கேட்கவில்லை.

என் முகத்தைப் பார்த்ததும் அவர் குரல் இறங்கியது. "பாப்பாவுக்கு நீ ஃபில்டர் தண்ணியிலதானே கலக்குறே?"

"குழாய்த் தண்ணி மாமா. ஈயம் இல்லைன்னு போட்டிருந்தாங்க. அதை நம்பித்தான், இத்தனை நாளா."

மாமா சட்டென்று புட்டியைக் குழந்தையின் வாயிலிருந்து எடுக்கப் பார்த்தார். அது விடவில்லை. நல்ல பசி, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உறிஞ்சியது.