இடப்பக்கத்துத் தையல்

“இந்த ட்ரிப்ஸை எனக்குப் போடாதீங்க டாக்டர்.”

அதை மட்டும் வாய் தவறிக்கூடச் சொல்லிவிடாதே என்று அம்மா வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள். இதே ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிறவள் அம்மா. மகளுக்குக் கட்டில் கிடைத்ததே டாக்டர் மனசு வைத்ததால்தான். படித்த திமிரை வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டு வா என்றாள்.

டாக்டர் ஃபைலிலிருந்து தலையைத் தூக்கவில்லை. பார்வை போகிறதென்றால் பழைய நோய் திரும்பிவிட்டது, மருந்தைக் கூட்ட வேண்டியதுதான் என்றார். உடம்பின் எதிர்ப்புச் சக்தி சொந்த நரம்பையே கடிக்கும் நோய் அவளுக்கு. அந்தச் சக்தியை அடக்கி வைக்கிற மருந்து இரண்டு வருஷமாக ஏறுகிறது.

“முதல்ல நோய் வந்தப்ப ஒரு கண்ணுதான் மங்குச்சு, வலி உயிர் போச்சு. இப்ப வலியே இல்ல. எந்தக் கண்ணை மூடினாலும் இடப்பக்கம் காணோம்.”

சட்டைகள்தான் அதை அவளுக்குக் காட்டிக்கொடுத்தன. தையல் கம்பெனியில் தைத்த சட்டைகளைக் கடைசியாகச் சோதித்து அனுப்புவது அவள் வேலை. நூல் பிசிறுகூடத் தப்பாது, பட்டப்பெயரே கழுகு. போன வாரம் ஒரு பெட்டி திரும்பி வந்தது. கழுகுக்குக் கண்ணாடி வாங்கணும் போல என்றான் சூப்பர்வைசர். எல்லோரும் சிரித்தார்கள். அவள் அந்தச் சட்டைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தாள். மேஜையில் விரித்தால் அவள் இடக்கைப் பக்கம் வருகிற சட்டைக் கை, காலர் நுனி, அங்கேதான் அத்தனை குறையும். வலப்பக்கம் சுத்தம்.

அன்றே மருந்துப் பெட்டித் தாளைப் படித்தாள். அபூர்வமாகச் சிலருக்கு, தூங்கிக் கிடந்த வைரஸ் மூளையில் விழித்துக்கொள்ளுமாம். அப்போது மருந்தைக் கூட்டுவது அதற்குச் சோறு போடுவது.

அவள் அதைச் சொன்னதும், “அது ரொம்ப அபூர்வம்மா,” என்றார் டாக்டர்.

“யாருக்குமே வராதுன்னா தாள்ல எதுக்கு சார் போடுறாங்க? முதுகுல தண்ணி எடுத்து டெஸ்ட் பண்ணுங்க. வைரஸ் இல்லைன்னு வந்தா நானே கையை நீட்டுறேன்.”

நம்பிக்கை இல்லாதவர்கள் வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம் என்று டாக்டர் பேனாவை மூடினார்.

“எனக்காக ஒரே ஒரு தடவை போட்டுக்கடி,” என்றாள் அம்மா. “என் பொழப்பு இங்கதான் இருக்கு.”

மருந்தை விட்டால் பழைய நோய் காலை முடக்கலாம். அது அவளுக்குத் தெரியாமலா? ஏற்றினாலும் மாட்டினாள், நிறுத்தினாலும் மாட்டினாள்.

“உன் பொழப்பு போனா நான் பாத்துக்கிறேம்மா. என் கண்ணு போனா நீ என்ன பண்ணுவ?”

கையில் குத்தியிருந்த ஊசியை நர்ஸிடம் சொல்லி எடுக்கவைத்தாள். காலையிலேயே மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் டாக்டரைப் பார்க்கச் சீட்டுப் போட்டுவிட்டுத்தான் வந்திருந்தாள். தன் ஸ்கேன் படத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டாள். கதவின் இடப்பக்கச் சட்டம் தெரியவில்லை. கழுத்தை முழுக்கத் திருப்பி, அது எங்கே என்று கண்டுபிடித்து, தாண்டி நடந்தாள்.