நாற்பத்து மூன்று பாலங்கள்

"பாலம் எங்க?" என்று கேட்டான் கேதீசன்.

கண்காட்சி நடத்துகிற குழுவின் இணைப்பாளர் அவன். கழுத்தில் அட்டை, கையில் இரண்டு தொலைபேசி. ஸ்ரூடியோவின் உள்ளறையில் சுதர்சனாவின் கதிரைக்குப் பின்னால் நின்று, தலையை அப்படியும் இப்படியும் சரித்துக் கணினித் திரையைப் பார்த்தான். இரும்புக் கறள் நிறத்திலும் வாவியின் பச்சையிலும் கோடுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு ஓடின. இடையிடையே வெறும் வெள்ளையாகச் சில வடிவங்கள்.

"இதுதான் பாலம்," என்றாள் அவள்.

யுத்தம் முடிந்து ஆறு மாதம். கல்லடிப் பாலத்தை வைத்துக் கணினியில் ஓவியம் செய்து தாருங்கள் என்று குழு கேட்டிருந்தது. வந்து சேர்ந்த எல்லாவற்றிலும் பாலத்துக்குப் பின்னால் சூரியன் மறைந்தது, முன்னால் ஒரு மீன் துள்ளியது. அந்தப் பாவப்பட்ட மீனுக்கும் ஓய்வில்லை. சுதர்சனாவுக்கு மீன் போடத் தெரியாமல் இல்லை. ஏழு வருடமாகப் படம் திருத்துகிற கை அது. கல்யாண அல்பத்துக்குச் சுவிட்சர்லாந்து மலையையே கொண்டுவந்து இறக்கியிருக்கிறாள். இதில் அவளுக்கு மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

சமாதான காலத்தில் ஊரே அந்தப் பாலத்தில் நின்று படம் எடுத்தது. இரும்பில் கை ஊன்றி, சிரித்துக்கொண்டு. பிறகு சுனாமி வந்தது. கடற்கரையோர நாவலடியில் வீட்டோடு அல்பங்களும் போய்விட, சொந்தக்காரரிடம் மிஞ்சிய படங்களைக் கொண்டுவந்து, "இதில இவர மட்டும் எடுத்துத் தா புள்ள, மாலை போட" என்று சனம் வரிசையில் நின்றது. பாலத்திலிருந்து ஆளை வெட்டி எடுத்துக் கொடுத்தாள். அது அடங்க, வேறு தாய்மார் வந்தார்கள். அவர்கள் கொண்டுவந்ததும் பாலத்துப் படங்களே. மாலை என்ற சொல்லை எடுத்தாலே அவர்களுக்குக் கோபம் வந்தது. பிள்ளையைக் காணவில்லை என்று கொடுக்கிற முறைப்பாட்டுப் படிவத்தில் ஒட்டுவதற்கு என்றார்கள்.

கணினி வகுப்பில் சுதர்சனா பிழையாகப் பழகிய பழக்கம் ஒன்று உண்டு. ஆளைப் பிரதி எடுக்கமாட்டாள், வெட்டித்தான் எடுப்பாள். "மிச்சம் ஓட்டையாக் கிடக்கு, அத ஏன் புள்ள வெச்சிருக்காய்?" என்று முதலாளி யோகராசா எத்தனையோ தரம் ஏசியிருக்கிறார். அழிக்கிறேன் என்பாள், அழிக்கமாட்டாள். அப்படிச் சேர்ந்தவை நாற்பத்து மூன்று பாலங்கள், ஒவ்வொன்றிலும் ஆள் நின்ற இடத்தில் ஒரு வெள்ளை. அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, இழுத்து, திருப்பி, இரும்பெல்லாம் வெறும் கோடாகும்வரை நான்கு மாதம் மினக்கெட்டாள். வெள்ளைகளை மட்டும் தொடவில்லை. ஒரு தோள், ஒரு குடை, காற்றில் விலகிய ஒரு சேலைத் தலைப்பு.

அவள் இதையெல்லாம் சொல்லக் கேட்டு முடித்ததும் கேதீசன் நின்ற இடத்திலேயே கதவைக் காலால் தள்ளிச் சாத்தினான்.

"சுனாமியில போன ஆக்கள் இருக்கட்டும் தங்கச்சி, அதுக்கு ஆரும் ஒண்டும் சொல்லமாட்டாங்க. மற்ற ஆக்கள எடுத்திருங்க. பெரிய ஆக்கள் வந்து திறக்கிற கண்காட்சி. உங்களுக்கும் கரைச்சல், எனக்கும் கரைச்சல்."

அவன் கெட்டவன் இல்லை, பயந்தவன். சுதர்சனாவும் பயந்தவள்தான். ஆனால் 'மற்ற ஆக்கள்' என்றது நெஞ்சில் தைத்தது. அந்த ஆக்களில் ஒருவன் கிரிசாந்த், அவளுடைய தம்பி. இரண்டாயிரத்து ஏழில் சைக்கிளுக்கு ரியூப் வாங்கப் போனவன், இன்னும் வரவில்லை. அவனையும் அவள்தான் வெட்டி எடுத்தாள், ஏழு படிவங்களுக்கு. இதிலிருந்தும் எடுத்துவிட்டால் அவன் நின்ற இடம் என்று சொல்ல உலகத்தில் ஒரு இடமும் இராது. அவளுக்கு ஆத்திரம் வந்தது.

எழுந்து கதிரையை அவன் பக்கம் தள்ளினாள்.

"இருங்க அண்ணன். எது அலையில போனது, எது மற்றது எண்டு நீங்களே காட்டுங்க. சரியாக் காட்டினா எடுக்கிறன்."

அவன் இருந்தான். படத்தைப் பெரிதாக்கினான், சின்னதாக்கினான். முன்னறையில் யோகராசா யாருடையதோ குழந்தையைச் சிரிக்கவைக்கக் கைதட்டுவது கேட்டது. கடைசியில், இரும்பில் முழங்கை ஊன்றிச் சாய்ந்திருந்த ஒரு வெள்ளையில் அம்புக்குறியை நிறுத்தினான்.

"இது அலைதானே. இது இருக்கட்டும்."

"அது என்ட தம்பி."

அவன் மவுசிலிருந்து கையை எடுத்துவிட்டான்.

"இத நான் இப்பிடியே கொண்டுபோக ஏலா தங்கச்சி."

"ஏலாட்டி விடுங்க. நான் ஒண்டையும் எடுக்கமாட்டன். கடைக் கண்ணாடியில ஒட்டுறன். பெரிய ஆக்கள் இந்த றோட்டாலதானே வரவேணும்."

அவன் போனபிறகு யோகராசா எட்டிப் பார்த்தார். எல்லாம் கேட்டிருக்கிறார். கடையை நினைத்து ஏசப்போகிறார் என்று அவள் பதிலைத் தயாராக வைத்திருந்தாள். அவர் படத்தைப் பார்த்தார், தாடையைச் சொறிந்தார்.

"கண்ணாடியில எண்டா மினுங்கல் தாள் போடாத. வெயிலுக்கு ஒண்டும் தெரியாது," என்றுவிட்டுப் போனார்.

பெரிய பிரின்டரில் தாளை மாற்றினாள். படம் அங்குலம் அங்குலமாக வெளியே வந்தது. இயந்திரத்தின் தலை இடமும் வலமுமாக ஓடி இரும்பை வரைந்துகொண்டு வந்தது. கிரிசாந்தின் முழங்கை வந்தபோது சுதர்சனா குனிந்தாள். தலை அவன்மேல் போய்த் திரும்பி வந்தது, மை போடவில்லை. மறுபடியும் போய் வந்தது. அவனைச் சுற்றிலும் பாலம் ஈரமாக இருந்தது.