பாதி மறைந்த சாலை

சீப்பு தலையில் பட்டதும் அவள் விசுக்கென்று விலகினாள்.

"ஏய், ஆடாம உக்காரு. இன்னும் சிக்கே எடுக்கல" என்றாள் அம்மா.

"மெதுவாம்மா. நெருப்பு வெச்ச மாதிரி இருக்கு."

அம்மாவின் கை அப்படியே நின்றது. சீப்பு தொட்டாலே வலிக்கிறது என்றால் அடுத்து என்ன வரும் என்று இந்த மூன்று வருடத்தில் அவளுக்கும் தெரிந்துபோயிருந்தது. விடிந்ததிலிருந்து மகள் ஓயாமல் கொட்டாவி விடுவதையும் கழுத்தைக் கையால் பிடித்துவிட்டுக்கொள்வதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். மழைக்கு முன்னால் காற்று ஓய்ந்து கிடக்குமே, வீடு அப்படி இருந்தது.

வெளியே வேன் ஹாரன் அலறியது. அப்பா ஓட்டுவது பள்ளிக்கூட வேன். பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளை வீடு வீடாக ஏற்றி, சாயங்காலம் வீடு வீடாக இறக்கிவிடும் வேலை. நேரம் தவறினால் அவருக்கு ஆகாது.

"இன்னிக்கும் ஆரம்பிச்சுட்டாளா?" வாசலில் நின்றபடியே கேட்டார். "கணக்குப் பரீட்சைன்னு சொன்னப்பவே நெனச்சேன்."

"இல்லப்பா. நான் வரேன்" என்று அவள் எழுந்தாள். பதினைந்து வயதில் அவள் நன்றாகக் கற்றுக்கொண்டிருந்த ஒரு பாடம் அது. இருக்கிறதை இல்லை என்று சொல்வது.

பரீட்சையில் மூன்றாவது கணக்கை எழுதும்போது அது வந்தது. முதலில் எண்களுக்கு நடுவே ஒரு சின்ன ஓட்டை. '48' என்று எழுதினால் 8 மட்டும் தெரிந்தது. பிறகு அந்த ஓட்டையைச் சுற்றி, ரம்பப் பற்களைப் போல, ஒரு வெளிச்சக் கோடு துடித்துத் துடித்துப் பெரிதானது. கண்ணை மூடினாலும் இமைக்கு உள்ளே அது துடித்தது. இடது கை விரல்கள் மரத்துப்போயின. அவளுக்குக் கோட்டைப் பற்றிப் பயமில்லை. கோடு மறைந்த பிறகு வரப்போவதுதான் பயம்.

அது வலது கண்ணுக்குப் பின்னால் வந்து உட்கார்ந்தது. உள்ளேயிருந்து யாரோ கண்ணை வெளியே தள்ளுவது போல, ஒவ்வொரு நாடித்துடிப்புக்கும் ஒரு தள்ளு. அவள் விடைத்தாளை வைத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு ஓடினாள். தாழ்வாரத்திலேயே வாந்தி வந்துவிட்டது.

கணக்கு ஆசிரியை பின்னாலேயே வந்தார். "உனக்கு மட்டும் எப்படிடீ பரீட்சைன்னா கரெக்டா வருது?"

"நிஜமா வலிக்குது மிஸ்."

"எனக்கும்தான் தலைவலி. நான் கிளாஸ் எடுக்கலையா?"

ஆசிரியர் அறையில் ஒரு நாற்காலியில் அவளை உட்கார வைத்தார்கள். தலைக்கு மேலே டியூப்லைட் எரிந்தது. யாரோ ஸ்டேப்ளர் அடித்தார்கள். ஒவ்வொரு அடியும் மண்டைக்குள் இறங்கியது. 'லைட்டை அணைக்க முடியுமா' என்று கேட்க வாயெடுத்தாள். சொற்கள் குழறி வந்தன. கேட்டவர் சிரித்துவிட்டார். அதோடு அவள் வாயை மூடிக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் வீட்டில், துடித்துத் துடித்துப் பெரிதாகும் அந்த வெளிச்சக் கோட்டைப் பற்றி அவள் முதல்முறையாக அப்பாவிடம் சொன்னாள். பாதிப் பார்வை போய்விடுவதைச் சொன்னாள். அவர் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார். கை பொத்தானிலேயே நின்றுவிட்டது. முகம் வெளிறிப்போனதை அவள் பார்த்தாள். அடுத்த நொடி அவர் வெடித்தார்.

"கோடாவது கீடாவது! வெளியில யார்கிட்டயாவது இதைச் சொன்னே, பைத்தியம்னு முத்திரை குத்திடுவாங்க. தலைவலியெல்லாம் ஒரு நோயா? பல்லைக் கடிச்சிக்கிட்டு இருக்கப் பழகு!"

"அதுக்கு ஏங்க இப்படிக் கத்துறீங்க?" என்றாள் அம்மா. "டாக்டர்கிட்ட ஒருதடவை..."

"ஒண்ணும் வேணாம். கடையில மாத்திரை வாங்கிக் குடு. போதும்."

அம்மா பகலெல்லாம் ஒரு சலவைக்கடையில் ஆவி பறக்கத் துணி தேய்ப்பவள். வீட்டுக்கு வந்தபின் சண்டை போட அவளிடம் தெம்பில்லை. மகளை மருந்துக்கடைக்கு அனுப்பினாள். கடைக்காரர் சீட்டும் கேட்கவில்லை, வயதும் கேட்கவில்லை. "தலைவலியா? இதைப் போடு, பறந்துடும்" என்று ஓர் அட்டையைக் கிழித்துக் கொடுத்தார்.

பறக்கத்தான் செய்தது. ஒரு மணி நேரத்தில் தலை லேசானபோது அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. இவ்வளவுதானா? இதற்கா இத்தனை நாள் செத்துப் பிழைத்தோம்?

அடுத்த முறை யாரிடமும் சொல்லாமல் அவளே கடைக்குப் போனாள். பிறகு வலி வருவதற்கு முன்பே, வந்துவிடுமோ என்ற பயத்தில் ஒன்று போட்டாள். ஒன்று போதாமல் இரண்டானது. பென்சில் டப்பாவுக்குள், அளவுகோலுக்கு அடியில், எப்போதும் ஓர் அட்டை இருந்தது. மாதத்தில் இரண்டு தடவை வந்துகொண்டிருந்த தலைவலி, வாரத்தில் மூன்று நாளானது. பிறகு தினமும் காலையில் அவளுக்கு முன்னால் அது விழித்துக்கொண்டது. வயிறு எரிந்தது. சாப்பாட்டைப் பார்த்தாலே குமட்டியது. ஆனால் அவள் முனகுவதை நிறுத்திவிட்டாள்.

"இப்பல்லாம் தலைவலின்னே சொல்றதில்ல. சரியாயிடுச்சு போல" என்று அம்மா ஒருநாள் நிம்மதியாகச் சொன்னாள்.

அப்பா மகளையே பார்த்தார். அந்தப் பார்வையில் சந்தோஷம் இல்லை. அது என்ன பார்வை என்று அவளுக்குப் புரியவில்லை.

அது அவளுக்குப் புரிய அதிக நாள் ஆகவில்லை. ஒருநாள் சாயங்காலம் வேனில் முன் இருக்கையில் ஏறியவள், கண்ணாடி துடைக்கத் துணி தேடி எதிரே இருந்த பெட்டியைத் திறந்தாள். துணிக்கு அடியில் காலி மாத்திரை அட்டைகள். ஒன்றிரண்டு இல்லை, கொத்தாக. அவள் பென்சில் டப்பாவில் இருக்கும் அதே நீல அட்டை. அப்பா பின்னால் பிள்ளைகளை எண்ணி ஏற்றிக்கொண்டிருந்தார். அவள் சத்தமில்லாமல் பெட்டியை மூடினாள். கேட்கவேண்டும் என்று நினைத்தாள். அந்த வீட்டில் எந்தக் கேள்விக்கு என்ன பதில் வரும் என்று தெரிந்திருந்ததால், கேட்கவில்லை.

வேன் கிளம்பியது. பின்னால் பிள்ளைகள் வழக்கம்போலக் கூச்சலிட்டார்கள். அப்பா கொட்டாவி விட்டார். மறுபடியும் விட்டார். கையால் கழுத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டார்.

அவள் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள்.

இன்னும் கொஞ்ச தூரம் போனதும் அவர் ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். பிறகு மற்றக் கண்ணை. தலையை ஒரு பக்கமாகத் திருப்பி, எதையோ சுற்றிக்கொண்டு எட்டிப் பார்ப்பது போல ரோட்டைப் பார்த்தார். அந்தத் திருப்பலை அவளுக்குத் தெரியும். கரும்பலகையில் ஓட்டை விழும்போது அவளும் அப்படித்தான் தலையைத் திருப்புவாள்.

இடது பக்கம் சைக்கிளில் ஒருவர் போய்க்கொண்டிருந்தார். வேன் விலகவே இல்லை. பக்கவாட்டுக் கண்ணாடி அவர் தோளை உரசியது. சைக்கிள் தள்ளாடி மண்ணில் இறங்க, அவர் திட்டிய சத்தம் பின்னால் தேய்ந்தது. அப்பா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவருக்கு அப்படி ஒரு ஆள் இருந்ததே தெரியவில்லை.

"அப்பா" என்றாள் மெதுவாக. "எந்தப் பக்கம் தெரியல?"

"வாயை மூடிட்டு வா."

"கோடு வந்திருக்கா?"

ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்தன. முன்னால் ஆற்றுப் பாலம் தெரிந்தது. குறுகலான பழைய பாலம். இடுப்பளவுகூட இல்லாத கைப்பிடிச் சுவர். எதிரே ஒரு லாரி பாலத்தில் ஏறிக்கொண்டிருந்தது.

"நிறுத்துங்கப்பா."

"பாலம் தாண்டிடுறேன். அஞ்சு நிமிஷத்துல சரியாயிடும். எப்பவும் சரியாயிடும்."

எப்பவும்! அந்த ஒரு வார்த்தையில் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. எத்தனை நாள் இந்த வேன் பாதி ரோடு தெரியாமலே ஓடியிருக்கிறதோ!

"அப்பா, இடது பக்கம் சுவர்! சுவர் வருது!" என்று அவள் அலறினாள். "வலது பக்கம் ஒடிங்க... போதும், போதும், லாரி! இப்ப பிரேக், பிரேக்கை அழுத்துங்க!"

ஒரு பெரிய கிரீச்சல். பின்னால் பிள்ளைகள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். பைகள் சிதறின. லாரி ஹாரனை அழுத்திக்கொண்டே தாண்டிப்போனது. வேனின் முன்சக்கரம் பாலத்துச் சுவரை முட்டி நின்றது. சுவரிலிருந்து ஒரு கல் பெயர்ந்து விழுந்தது. அது தண்ணீரில் விழும் சத்தம் கேட்க வெகுநேரம் ஆனதுபோல இருந்தது.

யாருக்கும் பெரிய காயமில்லை. ஒரு சின்னப் பெண்ணுக்கு உதடு கிழிந்திருந்தது. அழுகைச் சத்தத்துக்கு நடுவே அப்பா கதவைத் திறந்து இறங்கினார், பாலத்து ஓரத்தில் மண்டியிட்டு வாந்தி எடுத்தார், இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே சுருண்டு உட்கார்ந்தார். வெயிலில் அவர் முகம் கோணிப்போனது. அவள் தன் சீருடைக் கோட்டைக் கழற்றி அவர் தலைக்கு மேல் போர்த்தினாள். வலிக்கும்போது தனக்கு என்ன வேண்டியிருக்கும் என்று அவளுக்குத் தெரியும். இருட்டு. சத்தமில்லாமல் பக்கத்தில் ஒரு ஆள்.

கோட்டுக்குள்ளிருந்து அவர் குரல் வந்தது. "உன் வயசுலேர்ந்து இருக்கு பாப்பா."

"அப்ப ஏம்ப்பா என்னைத் திட்டினீங்க?"

"எங்கப்பா என்னைப் பெல்ட்டால அடிப்பாரு. வேலைக்கு டிமிக்கி குடுக்குறேன்னு. அடிக்கு அடி வாயை மூடக் கத்துக்கிட்டேன். நீயும் சீக்கிரமே கத்துக்கிட்டா அடி வாங்காம தப்பிச்சுக்குவேன்னு நெனச்சேன்."

அவர் சொன்னதில் அன்பு இருந்தது. அந்த அன்புதான் அவளை மருந்துக்கடை வாசலில் கொண்டுபோய் நிறுத்தியது.

மறுநாள் அப்பாவும் மகளும் ஒன்றாக ஒரு நரம்பியல் மருத்துவர் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். அம்மா இருவருக்கும் பின்னால் நின்றாள். அவள் கேட்டு வாங்கிய லீவு அது. மருத்துவர் நடுத்தர வயதுப் பெண்மணி, அவசரமில்லாமல் கேட்பவர். மகளைத்தான் முதலில் கேட்டார்.

"மாத்திரை எவ்வளவு போடுறே?"

அவள் பென்சில் டப்பாவைத் திறந்து மேசைமேல் கவிழ்த்தாள். அம்மா வாயில் கை வைத்துக்கொண்டாள்.

"இதுக்குப் பேரு மைக்ரேன். ஒற்றைத் தலைவலி" என்றார் மருத்துவர். "நடிப்பும் இல்ல, பயமும் இல்ல. மூளை சம்பந்தப்பட்ட ஒரு நோய். பல குடும்பத்துல பெத்தவங்ககிட்டேருந்து பிள்ளைங்களுக்கு வரும். உனக்கு முன்ன மாசத்துக்கு ரெண்டு தடவைதான் வந்துதுன்னு சொல்றே. இப்ப தினமும் வர்றதுக்குக் காரணம் இந்த மாத்திரைங்கதான். வலிக்குப் போடுற மாத்திரையை அளவில்லாம போட்டா, அதுவே வலியைக் கூட்டிக்கிட்டு வரும். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா வயிறும் கிட்னியும் கெட்டிருக்கும்."

"போயிடுமா டாக்டர்?" என்று அம்மா கேட்டாள்.

"அடியோட போயிடும்னு பொய் சொல்ல மாட்டேன். அடக்கி வெச்சுக்கலாம். நேரத்துக்குத் தூங்கணும். காலையில பட்டினி கிடக்கக்கூடாது. தண்ணி குடிக்கணும். வரப்போகுதுன்னு தெரிஞ்சதும் நான் குடுக்குறதை, நான் சொல்ற அளவுதான் போடணும். போட்டுட்டு இருட்டு ரூம்ல படுக்கணும். அதுக்கு வீட்லயும் ஸ்கூல்லயும் விடணும்." பிறகு அப்பாவின் பக்கம் திரும்பினார். "நீங்க வண்டியைத் தொடக்கூடாது. நான் சொல்ற வரைக்கும்."

அடுத்த இரண்டு வாரங்கள் அவளுக்கு நரகமாக இருந்தன. கடை மாத்திரையை நிறுத்தியதும் தலைவலி பழி தீர்ப்பது போல வந்தது. ஜன்னலுக்குப் போர்வை கட்டிய அறையில் அவள் ஒரு பக்கம், அப்பா ஒரு பக்கம் கிடந்தார்கள். வேன் ஓடவில்லை. பாதிப் பெற்றோர் வேறு வண்டிக்கு மாறிவிட்டார்கள். கிழிந்த உதட்டுக்காரியின் தகப்பன் தெருவில் அப்பாவைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மூன்றாவது வாரம்தான், ஒருநாள் காலையில் கண் விழித்தவளுக்குத் தலையில் ஒன்றுமே இல்லை. அது இருக்கிறதா என்று பயந்து பயந்து அவள் தேடிப் பார்த்தாள்.

பிறகும் வந்தது. வராமல் இல்லை. ஆனால் மாதத்தில் ஒருமுறை, சொல்லிவிட்டு வந்தது.

அந்தப் பருவத்துப் பெற்றோர் கூட்டத்துக்கு அப்பாவே வந்தார். கணக்கு ஆசிரியையிடம், தலைவலி வந்தால் மகளைப் படுக்க ஓர் இடம் கொடுத்து, விளக்கை அணைத்துவிடும்படி கேட்டார். ஆசிரியை உதட்டைச் சுழித்தார். "ஒருத்திக்கு விட்டா சார், நாளைக்கு வகுப்பு முழுக்கத் தலைவலின்னு படுத்துக்கும்."

வரிசையில் நின்ற பெற்றோரில் ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள். உதடு கிழிந்த பெண்ணின் தகப்பனும் அங்கே நின்றார். அவர் சிரிக்கவில்லை.

அப்பா அவர் பக்கமே திரும்பினார். குரல் நடுங்கியது. ஆனால் எல்லாருக்கும் கேட்டது.

"அன்னிக்குப் பாலத்துல எனக்குப் பாதி ரோடு தெரியல. அது தெரிஞ்சும் நான் வண்டியை நிறுத்தல. ஏன் தெரியுமா? வலிக்குதுன்னு சொன்னா யாரும் நம்ப மாட்டாங்கன்னு சின்ன வயசுலயே எனக்குக் கத்துக்குடுத்துட்டாங்க. அதையே நான் என் பொண்ணுக்கும் கத்துக்குடுத்தேன். அவ மட்டும் சத்தம் போடலேன்னா உங்க பிள்ளைங்க யாரும் இன்னிக்கு இல்ல." ஆசிரியையைப் பார்த்தார். "மிஸ், பொய் சொல்ற பிள்ளைய நம்பிட்டா ஒரு பரீட்சைதான் போகும். நிஜமா வலிக்கிற பிள்ளைய நம்பாம விட்டா, அது வலியை மறைக்கத்தான் கத்துக்கும். மறைச்ச வலி எங்க, யார் தலையில போய் விழும்னு யாராலயும் சொல்ல முடியாது. வலிக்குதுன்னு ஒரு பிள்ளை சொன்னா, முதல்ல நம்புங்க. அப்புறம் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க."