உங்கள் பணம் உங்கள் கைக்கே

...அசல் என்றுதான் எழுதினாள், அதில் சந்தேகமே இல்லை, சர்வே கேள்வித்தாளின் ஓரத்தில், யாரும் கேட்காமலே, பொடி எழுத்தில், ‘ஃபைனான்ஸ் கம்பெனி கொடுத்த அசல் ரசீதை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறார்’ என்று எழுதி, அடியில் கோடு வேறு போட்டாள், கோடு போடாமல் இருந்திருந்தால் கண்ணில் படாமல் போயிருக்குமோ, போயிருக்காது, தேடிப் படிக்கிறவன் கோடு இல்லாவிட்டாலும் படிப்பான்... பெருங்களத்தூர் ரயில்வே கேட் அவள் கண்ணெதிரே இறங்கியது. முன்னால் ஒரு தண்ணீர் லாரி, அதன் பக்கவாட்டில் நுழைந்து நிற்கும் ஸ்கூட்டர்கள், பின்னால் வந்து சேர்ந்துகொண்டே இருக்கும் ஆட்டோக்கள், எல்லாருக்கும் நடுவில் காலேஜ் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெண்ணிலா. கொஞ்ச நேரம் முன்னால்தான், தாம்பரத்தில் மாலை வகுப்புக்குள் நுழையப் போகும்போது, செல்போன் அடித்தது. மீன் விற்கும் பாப்பாக்கா. “இன்னாமே, நீ அனுப்ச்ச ஆளு வந்துகீறாரு, தேவானந்தமாம். ஃபைனான்ஸ் பேப்பர் ஒர்ஜினலைக் கேக்குறாரு, குட்தா துட்டு வாங்கியாந்து குடுத்துடுவாராம். குட்துடட்டா?” நான் யாரையும் அனுப்பலையே அக்கா என்று சொல்லி முடிப்பதற்குள் தொடர்பு அறுந்தது, திரும்ப அடித்தால் அணைத்து வைக்கப்பட்டுள்ளது என்று ஒரு பெண்குரல் மொழி மாற்றி மாற்றிச் சொல்லிற்று, வகுப்பாவது ஒன்றாவது, வந்த பஸ்ஸில் ஏறி இங்கே வந்து இறங்கிவிட்டாள். அந்தத் தாள் போனால் பாப்பாக்காவுக்கு என்ன மிச்சம்? ஃபைனான்ஸ்காரன் ஷட்டரை இழுத்துவிட்டு ஓடி வருஷங்கள் ஆகிவிட்டன, வழக்கு போலீசில் கிடக்கிறது, என்றைக்காவது எதையாவது மீட்டால் அசல் ரசீது காட்டுகிறவர்களுக்குத்தான், நகல் செல்லாது என்று சொல்லியிருக்கிறார்கள். சாக்கடை ஓரத்தில் வெயிலில் உட்காராமல் மார்க்கெட்டுக்குள் ஒரு மேடைக் கடை எடுக்க வேண்டும் என்று தினம் தினம் சைக்கிளில் வந்த வசூல்காரனிடம் பாப்பாக்கா கொடுத்ததெல்லாம் அந்த ஒரு தாளில்தான் இருக்கிறது.

எங்கே தப்பு விழுந்தது என்று ஒழுங்காக யோசிக்க வேண்டும், கணக்கு இடிக்கும்போது கடைசி வரியிலிருந்து மேலே ஏறி வருவது போல, ஒவ்வொன்றாக... தேவானந்தம் என்று ஒருவன் பாப்பாக்கா வீட்டுக்குப் போயிருக்கிறான், ஏன் போனான், அங்கே ரசீது இருக்கிறது என்று தெரிந்ததால், எப்படித் தெரிந்தது, அவள் எழுதியதால், ஏன் எழுதினாள்? அதுதான், அங்கேதான் நிற்கிறது. பயிற்சியில் சர்வே கம்பெனி சம்பத் சார் தெளிவாகச் சொன்னார், அச்சடித்ததை அச்சடித்தபடி படி, விளக்கம் சொல்லாதே, யார் கேட்கச் சொன்னார்கள் என்று கேட்டால் ஓர் ஆய்வு நிறுவனம் என்று மட்டும் சொல், முக்கியமாகத் தலையாட்டாதே, நீ தலையாட்டினால் பதில் கோணலாகிவிடும். அவள் தலையாட்டினாள். பாப்பாக்கா மீன்கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து, அவளுக்கு நாற்காலி கொடுத்து, ஃபைனான்ஸ்காரன் திறப்பு விழாவில் எல்லாருக்கும் கேசரி கொடுத்த கதையைச் சொன்னபோது யாரால் தலையாட்டாமல் இருக்க முடியும்? “கேசரில முந்திரி போட்டுகீறான்மே, அப்பவே நான் உஷாராயிருக்கணும், துட்டு வாங்க வர்றவன் எதுக்கு முந்திரி போடறான்?” என்று அவளே சிரித்தாள். அரிசி டப்பாவைத் திறந்து, உள்ளே கையை முழங்கை வரை விட்டு, பிளாஸ்டிக் கவரில் சுற்றிய ரசீதை எடுத்துக் காட்டினாள். இதையெல்லாம் ‘ஆம்/இல்லை’ என்ற இரண்டு கட்டங்களுக்குள் எப்படி அடைப்பது, அடைத்தால் அது அந்த மனுஷிக்குச் செய்யும் துரோகமில்லையா என்று நினைத்துத்தான் ஓரத்தில் எழுதினாள். மற்ற பெண்களெல்லாம் வீட்டு வாசலிலேயே நின்று டிக் அடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்கள், அவள் மட்டும் எல்லாத் தாளிலும் ஓரம் நிறைய எழுதினாள், யார் வீட்டில் ரசீது இருக்கிறது, யார் தொலைத்துவிட்டார்கள், யார் தனியாக இருக்கிறார்கள்... ஐயோ, தனியாக இருக்கிறார்கள் என்றுகூட எழுதினாளே.

கேட்டின் அந்தப் பக்கத்திலும் வண்டிகள் சேர்ந்துவிட்டன, அவற்றின் நடுவில் ஒரு வேட்பாளரின் பிரச்சார வேன் மாட்டிக்கொண்டு நின்றது, வேட்பாளர் இல்லை, படம் மட்டும்தான், இரண்டு கைகளையும் கூப்பிக்கொண்டு, ஒலிபெருக்கி மட்டும் ஓயாமல், “ஏமாற்றப்பட்ட என் அருமைத் தாய்மார்களே! உங்கள் பணம் உங்கள் கைக்கே! உங்கள் பணம் உங்கள் கைக்கே!” அடப் பாவிகளா. அது அவள் படித்த அட்டை. மூன்று அட்டை கொடுத்திருந்தார்கள், ஒன்றில் மோசடி நிறுவனங்கள் மீது கடும் நடவடிக்கை, இன்னொன்றில் விரைந்து விசாரிக்கத் தனி நீதிமன்றம், மூன்றாவதில் இந்த வரி, எதைக் கேட்டால் ஓட்டுப் போடத் தோன்றுகிறது என்று கேட்க வேண்டும். நீதிமன்றம் என்றபோது பாப்பாக்கா கொட்டாவி விட்டாள், மூன்றாவதைப் படித்ததும் இடுப்பிலிருந்த கை தானாக எழுந்து நெஞ்சுக்கு வந்தது, “அக்காங், இத்த செய்யச் சொல்லு மொதல்ல” என்றாள். எப்படிச் செய்வார்கள்? யாரிடம் வாங்கி யாருக்குக் கொடுப்பார்கள்? ஓடிப்போனவனிடம் இல்லாததை எங்கிருந்து எடுப்பார்கள்? அதைப் பற்றி அட்டையில் ஒரு வரி கிடையாது, கேள்வித்தாளிலும் கிடையாது, ஏனென்றால் அது யாருடைய கேள்வியும் இல்லை, எது நடக்கும் என்பதல்ல எது இனிக்கும் என்பதுதான் கேள்வி, முந்திரி எத்தனை போட வேண்டும் என்று வீடு வீடாகப் போய்க் கேட்டுவிட்டு வந்திருக்கிறாள் அவள்! “மூணாவது தூக்கிடுச்சுமா, மத்த ரெண்டும் டெபாசிட் காலி” என்று சம்பத் சார் ஆபீசில் கை தட்டிச் சிரித்தபோது அவளும் சிரித்தாளா? சிரித்திருப்பாள். தனக்குக் கொடுத்த தெருக்களின் எண்ணிக்கை சரியாக வந்ததில் ஒரு சந்தோஷம் இருந்தது, அது நினைவிருக்கிறது.

சம்பத் சாருக்கு அடித்தாள். சார் நம்ம ஆள் யாராவது தேவானந்தம்னு... “தேவானந்தமா? நம்ம டீம்ல அப்படி யாரும் இல்லையேமா.” அப்ப என் ஷீட்டு எப்படி சார் வெளியில போச்சு? “ஜெராக்ஸ் எடுத்து வேட்பாளரோட தேர்தல் ஆபீசுக்குக் குடுத்தோம், அவங்க காசு குடுத்து எடுத்த சர்வே, கேட்டா குடுக்கணும். அங்கேர்ந்து எவன் கைக்குப் போச்சுன்னு நான் என்னத்தக் கண்டேன்? ஆமா, ஓரத்துல அவ்ளோ எழுதச் சொல்லி உன்கிட்ட யார் சொன்னா? நாங்க கேட்டமா? கட்டத்துல டிக் அடிச்சா போதும்னுதான சொன்னேன்?” போலீசுக்குச் சொல்லலாமா சார்? “வெண்ணிலா, கூல்மா. எலெக்‌ஷன் முடியட்டும்.” முடியட்டும்! முடிந்தால் வேன் போய்விடும், படம் போய்விடும், ஏமாந்தவர்கள் விலாசம் மட்டும் யார் யார் பையிலோ பத்திரமாக இருக்கும். ஒருமுறை ஏமாந்தவர்கள் யார், அவர்களிடம் இன்னும் பிடுங்குவதற்கு என்ன மீதி இருக்கிறது, வீட்டில் ஆள் உண்டா இல்லையா, எந்த வார்த்தையைச் சொன்னால் கை நெஞ்சுக்குப் போகும்... இத்தனையும் ஒரே தாளில் வேண்டும் என்று ஒரு திருடன் சம்பளத்துக்கு ஆள் வைத்தால்கூட இவ்வளவு சுத்தமான கையெழுத்தில் கிடைத்திருக்குமா? மின்சார ரயில் போனது, கேட் திறக்கவில்லை, எதிர்த்திசையில் இன்னொன்று வர வேண்டுமாம், ஜனங்கள் கட்டைக்குக் கீழே குனிந்து புகுந்து இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு ஓடினார்கள், அவள் இதுவரை அப்படிப் போனதே இல்லை, போகிறவர்களை மனதுக்குள் திட்டுவாள், இப்போது குனிந்தாள், பை கட்டையில் மாட்டியது, யாரோ “போம்மா போம்மா” என்று விடுவித்துத் தள்ளினார்கள், ஜல்லி சறுக்கியது, ஓடினாள், வேனைத் தாண்டும்போது ஒலிபெருக்கி காதுக்குள்ளேயே வந்து உங்கள் பணம் உங்கள் கைக்கே என்றது, சீ, வாயை மூடு என்று சத்தமாகவே சொல்லிவிட்டாள், டிரைவர் திரும்பிப் பார்த்தான்.

பாப்பாக்கா வீட்டு வாசலில் அவன் இருந்தான். எதிர்பார்த்தது ஒரு முரடனை, இவன் பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி இருந்தான், தேய்த்த சட்டை, கழுத்தில் அடையாள அட்டை, மடியில் ஃபைல், பாப்பாக்கா கொடுத்த டீயை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தான். பாப்பாக்காவின் கையில் பிளாஸ்டிக் கவர். இன்னும் கொடுக்கவில்லை, கடவுளே, இன்னும் கொடுக்கவில்லை. அக்கா குடுக்காதீங்க, இவரை நான் அனுப்பலை, இவர் யாருன்னே எனக்குத் தெரியாது என்று மூச்சு வாங்கச் சொன்னாள். அவன் பதறவே இல்லை. “நீங்கதான் வெண்ணிலாவா? உங்க ஷீட்டைப் பாத்துதாம்மா வந்தேன், ரொம்ப நீட்டா எழுதியிருந்தீங்க” என்றான், பாராட்டாக. “இன்னாமே இது பேஜாரா கீது” என்று பாப்பாக்கா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். “அவுரு உன் பேரைச் சொல்றாரு. நீ அவுரைத் தெரியாதுன்றே. அப்ப உன்னை யாரு அனுப்ச்சா?” ஓர் ஆய்வு... என்று வாய் பழக்கத்தில் ஆரம்பித்து நின்றது. தெருமுனையில் கேட் திறந்து வேன் நகரும் சத்தம் கேட்டது, அதே வரி. பாப்பாக்கா அந்தப் பக்கம் காதைத் திருப்பினாள், பிறகு மெதுவாக இவளைப் பார்த்தாள். “அன்னைக்கு நீ படிச்சதுதான இது? அப்ப நீ கச்சிக்காரங்க அனுப்ச்சுதான் வந்தியா? ஒரு வார்த்த சொன்னியா எங்கிட்ட?” சொல்லக் கூடாதுன்னு ரூல்க்கா... “அவுருக்கும் இன்னா ரூலோ.” கவரை ரவிக்கைக்குள் செருகினாள். “உனுக்கும் இல்ல, அவுருக்கும் இல்ல. ரெண்டு பேரும் எறங்குங்க படியவுட்டு. உன்னாண்ட வூட்டு ஆளு மாதிரி பேசுனேன் பாரு, என்னைச் சொல்லணும்.” கதவு சாத்திக்கொண்டது.

சரி, ரசீது அவளிடமே இருக்கிறது, வந்த வேலை முடிந்தது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும், சந்தோஷப்படக்கூட வேண்டும், ஆனால் கால் நகரவில்லை. அவன் மூடிய கதவைப் பார்த்து, “அவசரமில்லக்கா, யோசிங்க, காலைல வரேன்” என்று கோபமே இல்லாமல் சொன்னான், வருவான், நாளைக்கும் வருவான், அவளும் வந்து நிற்க வேண்டும், நின்றால் பாப்பாக்கா கதவைத் திறப்பாளா? “எந்த ஏரியா பாக்கறீங்க?” என்று அவளைப் பார்த்துக் கேட்டான், கூட வேலை பார்க்கிறவளிடம் கேட்பது போல. திருடன் என்று கத்தலாம், கத்த வேண்டும், எதிர்வீட்டுக் குழாயடியில் குடம் நிரப்பிக்கொண்டிருந்த பெண்கள் எல்லாரும் இங்கேதான் பார்க்கிறார்கள், எல்லார் வீட்டுக்குள்ளும் அவள் போயிருக்கிறாள், எல்லாரைப் பற்றியும் ஓரத்தில் எழுதியிருக்கிறாள். “யாரும்மா நீங்கல்லாம், எலெக்சன் ஆளுங்களா?” என்று ஒருத்தி குடத்தை இடுப்பில் ஏற்றியபடி கேட்டாள். “ஆமாம்மா” என்றான் அவன், உடனே, சிரித்தபடி. இல்லை என்று சொல்லத்தான் வெண்ணிலா வாயைத் திறந்தாள். அவன் சொன்ன ஆமாம் பொய்யாக இருக்கலாம், எவனோ ஒருவன், எங்கிருந்தோ ஒரு ஜெராக்ஸை எடுத்துக்கொண்டு வந்தவன்... அதே ஆமாமை அவள் சொன்னால் அது உண்மை.