சம்பத்து லிப்டில் வந்த நாள்

எங்கள் ஆஸ்பத்திரி பூந்தமல்லி ரோட்டில் இருக்கிறது. மூன்று மாடி. மேலே போக ஒரு லிப்டும், லிப்டு ரிப்பேரானால் ஸ்ட்ரெச்சர் தள்ளிக்கொண்டு போக வளைந்து வளைந்து ஏறும் ஒரு ரேம்ப்பும் உண்டு. ஸ்ட்ரெச்சர் தள்ளுவதுதான் என் வேலை. ஒரு ஸ்ட்ரெச்சருக்கு இரண்டு ஆள். முன்னால் நான், பின்னால் பாரிவாக்கத்து சம்பத்து.

போன ஆடியில் சம்பத்தின் பெண்ஜாதி கன்னியம்மாளுக்கு நெஞ்சுவலி வந்து எங்கள் ஆஸ்பத்திரிக்கே கொண்டுவந்தான். நான் அன்றைக்கு லீவு. அவனே தள்ளினான். லிப்டு மேலேயே நின்றுவிட்டது. இதோ வந்துவிடும், இதோ வந்துவிடும் என்று பொத்தானை அமுக்கிக்கொண்டே நின்றிருக்கிறான். கதவு திறந்தபோது அவள் கை ஸ்ட்ரெச்சருக்கு வெளியே தொங்கிப்போயிருந்தது. உடனே மேலே வந்திருந்தாலும் பிழைத்திருக்க மாட்டாள் என்று டாக்டர் சொன்னார். அது சம்பத்து காதில் ஏறவில்லை.

அதற்குப் பிறகு அவன் லிப்டில் கால் வைக்கவில்லை. எவ்வளவு கனமான பேஷண்ட்டானாலும் ரேம்ப்பில்தான். "தள்ளு பாண்டி" என்பான், அவ்வளவுதான் பேச்சு. என் இடுப்பு விட்டுப்போனது.

"இன்னா மாமே, கரண்ட் பில்லு நீயா கட்டுற? லிப்டு சும்மாதானே கீது" என்று கேட்டுப் பார்த்தேன். அவன் ஸ்ட்ரெச்சரை ரேம்ப் பக்கம் திருப்புவான். சூப்பர்வைசர் சுப்பராயன் கத்துவார். அப்போதும் ரேம்ப்தான். பின்னால் அவன் தள்ளும்போது முன்னால் நான் மட்டும் லிப்டில் ஏற முடியுமா? நானும் இழுத்தேன்.

இந்த வருஷம் நர்சுகளுக்கும் பிசியோதெரபிக்காரர்களுக்கும் மனநலப் பயிற்சி வைத்தார்கள். சனிக்கிழமைதோறும் மூன்றாவது மாடி ஹாலில். ஆக்னஸ் மேடம் என்று ஒரு சைக்காலஜிஸ்ட் வந்து சொல்லிக்கொடுத்தார். உடம்பைப் பார்க்கிறவர்களுக்கு மனசையும் பார்க்கத் தெரிய வேண்டும், பேச்சும் ஒரு வைத்தியம், அதற்கும் முறை இருக்கிறது என்பார். பேஷண்ட்டாக நடிக்க டவுனிலிருந்து வரவேண்டிய ஆள் வரவில்லை. சுப்பராயன் என்னைப் பிடித்து அனுப்பினார்.

"உனக்குத்தான் மூஞ்சி எப்பவும் அழுதுகினே கீதே. போய் உக்காரு, போ."

கையில் ஒரு அட்டை கொடுத்தார்கள். எழுத்துக்கூட்டிப் படித்தேன். பெண்டாட்டி செத்துப்போனவன். வாழப் பிடிக்கவில்லை. ஆனால் தானாகச் சொல்ல மாட்டான். எதிரே உட்காருகிறவர் நேராகக் கேட்டால் மட்டும் ஆமாம் என்று சொல்ல வேண்டும். படித்ததும் சம்பத்து ஞாபகம்தான் வந்தது. மேடம் அவனைப் பார்த்ததுகூட இல்லை. இப்படி ஆட்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள் போல என்று நினைத்துக்கொண்டேன்.

நர்சுகள் ஒவ்வொருத்தராக என் எதிரில் வந்து உட்கார்ந்தார்கள். கோயிலுக்குப் போங்கண்ணா என்றது ஒரு பெண். இன்னொன்று, புள்ளைங்க முகத்தைப் பாருங்க என்றது. ஒரு பெண் தானே அழ ஆரம்பித்துவிட்டது. கேட்க வேண்டியதை ஒருத்தரும் கேட்கவில்லை.

"எல்லாரும் சுத்திச் சுத்தி வர்றீங்க" என்றார் ஆக்னஸ் மேடம். "செத்துப்போகலாம்னு நினைக்கிறீங்களான்னு கேளுங்க. கேட்டா அந்த நினைப்பு வந்துடும்னு பயப்படாதீங்க. கேட்டதால யாரும் சாகமாட்டாங்க." இன்னொன்றும் சொன்னார். ரொம்ப நாள் இருண்டு கிடந்த ஆள் ஒரே நாளில் தெளிந்துவிட்டால், தன் சாமான்களை எடுத்து மற்றவர்களுக்குக் கொடுத்தால், அப்பாடா என்று விட்டுவிடக் கூடாது, பக்கத்தில் போக வேண்டும்.

கேஷுவாலிட்டியில் இருக்கிற ஹேமாவதி சிஸ்டர்தான் முதலில் நேராகக் கேட்டது. நான் ஆமாம் என்றேன். மேடம் மேஜை மணியைத் தட்டினார். எல்லாரும் கை தட்டினார்கள். "பாண்டியன், நீங்க போய் டீ சாப்பிடுங்க" என்று என்னை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். அடுத்தடுத்த சனிக்கிழமையும் அப்படியேதான். ஆமாம் என்றால் மணி. மணி அடித்தால் டீ. அதற்குமேல் என்ன செய்ய வேண்டும் என்பதை உள்ளே அவர்களுக்குள் பேசிக்கொண்டார்கள்.

ஒருநாள் ரேம்ப் திருப்பத்தில் மூச்சு வாங்க நின்றபோது சம்பத்து தானாகவே வாய் திறந்தான்.

"பொண்டாட்டி செத்தவனா நடிக்கிறியாமே?"

எனக்கு முகம் செத்துவிட்டது. "அட்டையில அப்டிதான் கீது மாமே."

"அவன் பொழைச்சிக்கிறானா?"

"தெர்ல. அதுக்குள்ள மணி அடிச்சிடுவாங்க."

"த்தூ. பாதிப் படம்" என்று சொல்லிவிட்டு ஸ்ட்ரெச்சரைத் தள்ளினான்.

பயிற்சி முடிந்து சர்ட்டிபிகேட்டும் கொடுத்தாகிவிட்டது. ஒரு திங்கட்கிழமை. கீழே லிப்டுக் கதவு திறந்தது. காலி ஸ்ட்ரெச்சரோடு சம்பத்து வெளியே வந்தான். சவரம் செய்து, தலை வாரி, சட்டையைப் பேண்ட்டுக்குள் விட்டிருந்தான்.

"லிப்டா மாமே?"

"உன் இடுப்புக்கு நல்லதுதானே, வாடா."

அன்றைக்குப் பூரா லிப்டில்தான் போனோம். வார்டு நர்சுகளிடம் கிண்டல் பேசினான். சுப்பராயனிடம் போய், "அண்ணாத்தே, எதுனா தப்பா நடந்திருந்தா மனசுல வச்சிக்காதே" என்றான். "இப்பதான்டா மனுசனாயிருக்கே" என்று அவர் முதுகில் தட்டினார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு இடுப்பு வலி இல்லாமல் சாப்பிட்டேன்.

டூட்டி முடிந்து வண்டி நிறுத்துகிற ஷெட்டுக்கு வந்தோம். சாப்பாட்டுக் கேரியரை என் கையில் கொடுத்தான். அது கன்னியம்மாள் வாங்கியது. யாரையும் தொட விடமாட்டான்.

"நல்ல கேரியர்டா. ஒழுகாது. நீ வச்சிக்கோ." பிறகு பைக்குள் கையை விட்டு டிவிஎஸ் சாவியை எடுத்தான். "இத்தையும் வச்சிக்கோ. சேக்காட்டுலேர்ந்து பஸ்ஸு மாறி மாறி வர்றே."

"உனக்கு?"

"எனக்கு இன்னாத்துக்கு."

அப்போதுதான் கேரியரையும் சாவியையும் சேர்த்துப் பார்த்தேன். மேடம் சொன்னது ஒன்றுவிடாமல் ஞாபகத்துக்கு வந்தது. கேட்க வேண்டிய கேள்வி எனக்கு மனப்பாடம். ஆனால் நான் உட்கார்ந்தது எப்போதும் எதிர் நாற்காலியில். பதில் சொல்லியே பழகின வாய்க்குக் கேள்வி வரவில்லை. ரோட்டில் தண்ணி லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அது போகும்வரை நின்றேன்.

"செத்துப்போலாம்னு கீறியா மாமே?"

அவன் கோபப்படவில்லை. சிரிக்கவும் இல்லை. வண்டி சீட்டில் படிந்த தூசியை உள்ளங்கையால் துடைத்தான்.

"ஆமாடா."

"எப்ப?"

"இன்னிக்கித்தான்."

நான் நின்றேன். மணி அடிக்கவில்லை. கை தட்ட யாரும் இல்லை. இதற்குமேல் என்ன பேசுவது என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்.

"வா, டீ குடிக்கலாம்."

கடையில் அவன் டீ ஆறிப் போனது. நான் சாவியை உள்ளங்கையில் வைத்து இறுக்கிக்கொண்டிருந்தேன். "ஹேமாவதி சிஸ்டர்கிட்ட ரெண்டு வார்த்த பேசிட்டுப் போ மாமே" என்றேன்.

"எவங்கிட்டயும் சொல்லாதே. வேல பூடும். பைத்தியம், கீழ்ப்பாக்கம் கேசுன்னுவானுங்க. நான் சொன்னது உன்னோட போவட்டும்."

"நான் சொல்லல. நீ வா."

வந்தான். கேஷுவாலிட்டியில் ஒரு ஆக்சிடெண்ட் கேசுக்கு ஹேமாவதி சிஸ்டர் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தது. "மாமே உங்ககிட்ட ரெண்டு வார்த்த பேசணும் சிஸ்டர்" என்றேன். அவன் முகத்தைப் பார்த்தது, கட்டை முடித்துவிட்டு எங்களைக் கட்டுப் போடும் ரூமுக்குள் கூட்டிப்போனது. வாசலில் சுப்பராயன் வந்து நின்றார். சிஸ்டர் சம்பத்தை உட்காரவைத்து, தானும் நாற்காலியைச் சாய்வாகப் போட்டு உட்கார்ந்து, அவன் கண் மட்டத்துக்குக் குனிந்து, ஹாலில் என்னைக் கேட்ட அதே குரலில், அதே வார்த்தையில் கேட்டது.

சம்பத்து வாசலைப் பார்த்தான். "இல்ல சிஸ்டர். இவன்தான் நடிச்சி நடிச்சிக் கெட்டுப்பூட்டான். பாக்கறவனெல்லாம் சாவப்போறான்றான்." அழகாகச் சிரித்தான். சுப்பராயனும் சிரித்தார்.

சிஸ்டர் என்னைப் பார்த்தது. சம்பத்தும் பார்த்தான். இத்தனை வருஷம் ஒரே ஸ்ட்ரெச்சரைப் பிடித்தவன் பார்க்கிற பார்வை அது.

"எங்கிட்ட ஆமான்னான் சிஸ்டர். இன்னிக்கின்னான். வண்டி சாவிய என் கையில குடுத்துட்டான்."

உள்ளங்கையை விரித்துக் காட்டினேன்.

அவன் சிரிப்பு அப்படியே நின்றது. "நீ வெளங்கமாட்டே பாண்டி" என்றான் மெதுவாக. "கன்னிமாவும் பூட்டா. வேலையும் போச்சு. நீயும் இல்ல. போதுமா?"

ஹேமாவதி சிஸ்டர் எழுந்து கதவைச் சாத்தியது. அந்தக் கதவுக்கு உள்பக்கம் நான் நின்றது அதுதான் முதல் தடவை. சிஸ்டர் பெரிதாக ஒன்றும் பேசவில்லை. அவன் கைமேல் கை வைத்து, "இன்னிக்கு நைட்டு இங்கயே இருங்கண்ணா, தனியா விடமாட்டோம்" என்றது. டாக்டருக்குப் போன் போட்டது. பாரிவாக்கத்தில் இருக்கிற அவன் தம்பிக்கும் போன் போட்டது. சம்பத்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மேலே இரண்டாவது மாடியில் ரூம் போட்டார்கள். பேஷண்ட் என்று ஆகிவிட்டால் நடக்க விடமாட்டார்கள், வீல்சேர்தான். "நம்மள வேலைக்கு வச்ச காண்ட்ராக்ட்காரருக்கு நான் சொல்லித்தான் ஆவணும்" என்று சுப்பராயன் யாரையும் பார்க்காமல் சொன்னார். பிறகு என்னிடம், "தள்ளிகினு போ" என்றார்.

லிப்டு கீழேதான் நின்றிருந்தது. கதவு திறந்தே இருந்தது. உள்ளே வெளிச்சமாக இருந்தது.

"லிப்டா, ரேம்ப்பா மாமே?"

நான் வீல்சேரை ரேம்ப் பக்கம் திருப்பினேன்.

இரண்டு பேர் ஏறுகிற ஏற்றத்தை ஒற்றை ஆளாகத் தள்ளினேன். சம்பத்து கனத்த ஆள். முதல் திருப்பத்தில் இடுப்பில் பளீரென்று வெட்டியது. வண்டி பின்னால் நழுவி என் நெஞ்சில் வந்து மோதியது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை. கை மட்டும் நீண்டு சுவரோரக் கம்பியைப் பிடித்தது. ஏறுவதற்காகப் பிடித்தானா, போகவிடாமல் நிறுத்தப் பிடித்தானா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்டாலும் சொல்லியிருக்க மாட்டான்.

நான் தள்ளினேன்.