எண்ணெய் வைக்கும் நேரம்

ஆட்டோவிலிருந்து இறங்க மறுத்தாள் பாஞ்சாலை.

"யார் வூட்டு விசேஷம்? சொன்னாதான் வருவேன்."

"தங்கம்மாக்கா வூடுக்கா. உன் தங்கச்சி," என்றாள் உண்ணாமலை.

"சரி, நீங்க யாரும்மா?"

இரண்டு வருஷமாக இருவரும் வேங்கிக்காலில் ஒரே வீட்டில் இருக்கிறார்கள். சோறு ஊட்டுவது, சேலை கட்டிவிடுவது எல்லாம் உண்ணாமலைதான். வேலைக்கு வந்த அம்மாளிடம் பேசுவதுபோல அக்கா மரியாதையாகவே பேசுவாள். மூத்தவளுக்குக் கடைக்குட்டியான தன்னை மறந்துபோயிற்று. நடுவில் பிறந்தவளாவது நினைவில் மிஞ்சியிருக்கிறாளா என்று பார்த்துவிட வேண்டும். காலையில் தங்கம்மாவின் சாவுச் செய்தி வந்ததும் உண்ணாமலை அக்காவையும் கிளப்பிக்கொண்டு வந்தது அதற்காகத்தான். தங்கம்மாவும் போனபின், கூடப்பிறந்தவள் என்று தன்னைக் கூப்பிட இனி ஒருவரும் இல்லை.

அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டிய வீடு. பௌர்ணமி என்பதால் மத்தியானமே ஜனம் நடக்க ஆரம்பித்திருந்தது. பந்தலைப் பார்த்ததும் சிலர் வேகமாக நடந்தார்கள். ஒருவர் மலைப் பக்கம் திரும்பிக் கும்பிட்டுக்கொண்டே கடந்துபோனார்.

தங்கம்மாவின் மகன் சுரேஷ்குமார் ஓடி வந்தான்.

"சித்தி, பெரியம்மாவ ஏன் இட்டாந்தீங்க? ஏதாச்சும் பேசி வெச்சா? கும்பல் ஜாஸ்தி ஆவறதுக்குள்ள எடுக்கணும்."

"எண்ணெ வெச்சுட்டு வந்துடுவாடா. கூடப் பொறந்தவ இல்லியா?"

குளிப்பாட்டுவதற்காகத் தங்கம்மாவை வாசலில் நாற்காலியில் உட்காரவைத்து, சாயாமல் துணியால் கட்டியிருந்தார்கள். பெண்கள் வரிசையாக வந்து, உச்சியில் ஒரு துளி எண்ணெயும் கொஞ்சம் சீயக்காயும் வைத்துவிட்டு நகர்ந்தார்கள். மருமகள் ரேவதி கிண்ணத்தை நீட்டினாள்.

"பெரியத்தே, சும்மா தொட்டு வெச்சா போதும்."

பாஞ்சாலை கிண்ணத்தையே வாங்கிக்கொண்டாள். எண்ணெயை உள்ளங்கையில் ஊற்றி, தங்கையின் உச்சந்தலையில் வைத்துத் தேய்த்தாள். நிறுத்தவில்லை. காதுமடலுக்குப் பின்னால், பிடரியில், நெற்றியோரத்தில் என்று ஓர் இடம் விடவில்லை.

"தங்கம், கண்ணத் தொறக்காத. எரிஞ்சா என்னச் சொல்லக் கூடாது."

ஒப்பாரி நின்றுவிட்டது.

"எண்ணெ வெச்சா என்னிக்கும் கத்தி ஊரக் கூட்டுவா," என்று ரேவதியிடம் சொன்னாள். "இன்னிக்குப் பாருங்க, எவ்ளோ சமத்தா உக்காந்துனு இருக்கா."

யாரோ ஒருத்தி சிரித்துவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். முன்னால் வந்த சுரேஷ்குமாரை உண்ணாமலை கை நீட்டித் தடுத்தாள். செத்தது தெரிந்து செய்கிறாளா, தெரியாமலா? அக்காவின் முகத்தையே பார்த்தாள். அதில் துக்கம் இல்லை. சின்ன வயதில் தங்கைகளைக் குளிப்பாட்டியபோது இருந்த, கைவேலையில் இருப்பவளின் கவனம்தான் இருந்தது. தினமும் சோறு ஊட்டுகிறவளைத் தெரியவில்லை, போய்ச் சேர்ந்தவளைத் தெரிகிறது. தங்கம்மாவின் மேல் உண்ணாமலைக்குப் பொறாமை வந்தது. செத்தவள் மேலா என்று வெட்கமாகவும் இருந்தது.

சீயக்காயும் தேய்த்து முடித்து, பாஞ்சாலை கையை உதறினாள். கிண்ணத்தில் எண்ணெய் மீதியிருந்தது. சுற்றும் முற்றும் பார்த்தவள், உண்ணாமலையிடம் வந்து நின்றாள்.

"நீ இன்னாடி, ஒளிஞ்சினு நிக்கற? வா, உக்காரு."

"ஐயோ, பொணத்துக்கு வெச்ச எண்ணெ!" ரேவதி கிண்ணத்தைப் பிடுங்கப் பாய்ந்தாள். "சின்னத்தே, வேணாம். ஆவாது."

உண்ணாமலை கொண்டையை அவிழ்த்தாள். எண்ணெய் சிந்தியிருந்த தரையில், அக்காவின் முன்னால் உட்கார்ந்து தலையைக் குனிந்தாள்.