விட்டுட்டேன்

வெளிநாட்டுத் தொடர்களுக்குத் தமிழ் வசனம் எழுதுவது என் வேலை. திரையில் இருப்பவர் வாயை எத்தனை தடவை அசைக்கிறாரோ அத்தனைக்குள் என் தமிழ் அடங்க வேண்டும். என் சொந்த வாய்க்கு அப்படி எந்த அளவும் கிடையாது என்று என் வீட்டுக்காரர் சொல்லிக் காட்டுவார்.

இந்த வருஷம் வந்தது, உலகம் அழிந்த பிறகு நடக்கும் ஒரு தொடர். தண்ணீர் லாரி ஓட்டிய ஒருவன், பிழைத்துக் கிடந்த பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு தண்ணீர் தேடி நடக்கிறான். கூடவே, நினைவு தப்பிப்போன அவனுடைய அப்பா. ஏழாவது பகுதியில் அந்தக் கிழவரை ஒரு காலிப் பள்ளிக்கூடத்தில் உட்கார வைத்து, பக்கத்தில் இரண்டு பாட்டில் தண்ணீரை வைத்துவிட்டு அவன் மட்டும் திரும்பி வருகிறான். எல்லோரும் அவனையே பார்க்கிறார்கள். அவன் ஒரே ஒரு வார்த்தை சொல்கிறான்.

அந்த வார்த்தைக்கு நான் எழுதியது, ‘கைவிட்டுட்டேன்.’ எனக்கு அவன்மேல் அவ்வளவு ஆத்திரம். ஆனால் நடிகரின் வாய் மூன்று தடவைதான் அசைந்தது. ஒலிப்பதிவு செய்பவர், நாங்கள் ‘சவுண்டு’ என்று கூப்பிடுகிறவர், கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து தலையை ஆட்டினார். “ஒண்ணு கூடுது மேடம். அந்தக் ‘கை’ய எடுத்துடுங்க, கச்சிதமா உக்காரும்.”

எடுத்தேன். ‘விட்டுட்டேன்.’ அந்த அயோக்கியனுக்கு இவ்வளவு மென்மையான வார்த்தையா என்று அன்றைக்குப் பூராவும் எரிச்சலாக இருந்தது.

அந்தப் பகுதி வெளிவந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனேன். எங்கள் அப்பா பஸ் கண்டக்டராக இருந்தவர். மூன்று வருஷமாக அவருக்கும் நினைவு சரியில்லை. அந்த மூன்று வருஷமும் அக்கா வீட்டில்தான் இருக்கிறார். நான் ஞாயிறு தவறாமல் ஒரு பை பழத்தோடு போய், இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பேசிவிட்டு வருவேன். என் கணக்கில் அது பெரிய கடமை.

“பெத்த அப்பனை நடுவழியில விட்டுட்டுப் போறவன் மனுஷனாக்கா?” என்று ஆரம்பித்தேன்.

அக்கா அப்பாவின் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தாள். அவர் ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே வந்தார். “பதினோரு நாள் முதுகுல தூக்கிட்டு நடந்தானேடி, அது உன் கண்ணுல படலியா?”

“ரெண்டு பாட்டில் தண்ணிய வச்சுட்டா பாவம் தீர்ந்துடுமா?”

“அவன் பாவி, சரி. மத்த பத்துப் பேரு? ‘கொஞ்ச தூரம் நான் தூக்குறேன்’னு ஒருத்தராவது கேட்டாங்களா? அவன் விட்டதும் மட்டும் எல்லாரும் ஒரு மாதிரி பாக்குறாங்க.”

“அவங்க அப்பா இல்லையேக்கா அது. இவன்தானே மகன்? நானா இருந்தா செத்தாலும் விட்டிருக்க மாட்டேன்.”

அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள். “நீயா?” என்றாள். பிறகு எழுந்து உள்ளே போய் பாத்திரத்தை உருட்ட ஆரம்பித்துவிட்டாள். நான் கிளம்பும்போது வாசல்வரை வரவும் இல்லை. ஒரு கதைக்குப் போய் இவ்வளவு கோபமா என்று முனகிக்கொண்டே வந்தேன்.

புதன்கிழமை எட்டாவது பகுதிக்கு ஒலிப்பதிவு. அறைக்குள் கைபேசி கூடாது என்பது எங்கள் இடத்தில் சட்டம். வெளியே ஒரு மரப்பெட்டியில் எல்லாவற்றையும் போட்டுவிட்டுத்தான் உள்ளே போவோம். மதிய இடைவேளையில் வந்து எடுத்தால், அக்காவிடமிருந்து மூன்று தவறிய அழைப்புகள். அதற்குக் கீழே ஒரு செய்தி, இரண்டு மணி நேரத்துக்கு முன்னால் வந்தது.

‘அப்பாவ விட்டுட்டேன். இதுக்கு மேல என்னால முடியாதுடி.’

அக்காவைக் கூப்பிட்டேன், கைபேசியை அணைத்து வைத்திருந்தாள். வீட்டுக்காரருக்குச் சாயங்கால ஷிப்ட், வீட்டில்தான் இருப்பார். அவரைக் கூப்பிட்டேன். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி கூப்பிட்டாலும் அதே கதை. என் முகத்தைப் பார்த்த சவுண்டு ஒன்றும் கேட்காமல் வண்டிச் சாவியை எடுத்தார்.

அக்கா வீட்டில் பூட்டு தொங்கியது. வாசலில் எப்போதும் கிடக்கும் அப்பாவின் செருப்பும் இல்லை. ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேன். அவருடைய கட்டில் காலியாக, போர்வை மடித்து வைக்கப்பட்டிருந்தது. எனக்கு வேறெதுவும் தோன்றவில்லை. காலிப் பள்ளிக்கூடமும் இரண்டு பாட்டில் தண்ணீரும்தான் தோன்றின. முந்தின நாள்தான் அந்தக் கிழவருக்கு ‘தம்பி, எங்கப்பா போன?’ என்று வசனம் எழுதியிருந்தேன். அவ்வளவு வாய்ப்பொருத்தம் பார்த்துப் பார்த்து எழுதியிருந்தேன்.

“பஸ் ஸ்டாண்டுக்குப் போங்க” என்றேன். கண்டக்டராக இருந்தவரை வேறு எங்கே விடுவாள்?

நடைமேடை நடைமேடையாக ஓடினேன். கட்டம் போட்ட சட்டையோடு குனிந்து உட்கார்ந்திருந்த ஒருவரின் தோளைப் பிடித்து “அப்பா” என்று திருப்பினேன். யாரோ ஒருவர். “என்னம்மா வேணும்?” என்றார். அந்த இடத்திலேயே எனக்கு அழுகை வந்துவிட்டது. ‘நீயா?’ என்று அக்கா கேட்டது அப்போதுதான் உறைத்தது. மூன்று வருஷத்தில் ஒரு நாள்கூட ‘நான் கொஞ்ச தூரம் தூக்குறேன்’ என்று நான் கேட்கவில்லை. அவன் அயோக்கியனோ என்னவோ, அந்தப் பத்துப் பேரில் ஒருத்தி நான்.

கைபேசி அடித்தது. வீட்டுக்காரர்.

“கூப்பிட்டியா? கையெல்லாம் சோப்பு, எடுக்க முடியல. ஆமா, மாமாவுக்கு டீல சர்க்கரை போடலாமா?”

“எந்த மாமாவுக்கு?”

“எனக்கு எத்தனை மாமா இருக்காங்க? உங்கப்பாதான். குளிப்பாட்டி விட்டேன். இப்ப உன் நாற்காலில உக்காந்துகிட்டு என்னை டிக்கெட் வாங்கச் சொல்றாரு.”

“எப்படி… அங்க…”

“உங்கக்காதான் காலைல கொண்டுவந்து விட்டுட்டுப் போச்சு. உனக்கு மெசேஜ் போட்டுட்டேன்னு சொல்லுச்சே?”

நான் நடைமேடையிலேயே உட்கார்ந்துவிட்டேன். சவுண்டு பயந்துபோய்த் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். அதைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது. அழுதுகொண்டே சிரிக்கிறவளைப் பார்த்து அந்தக் கட்டம் போட்ட சட்டைக்காரர் இடம் மாறி உட்கார்ந்தார்.

சாயங்காலம் அக்கா கூப்பிட்டாள். குரல் தூக்கத்தில் கரகரத்தது. சிநேகிதி வீட்டில் காலையில் படுத்தவள் அப்போதுதான் எழுந்திருக்கிறாள்.

“எங்கன்னு ஒரு வார்த்தை போட்டா என்னக்கா?” என்று பாய்ந்தேன்.

“உன் வாசல்ல நின்னுட்டு மூணு தடவை அடிச்சேன், எடுத்தியா? அப்பா வேற செருப்பைக் கழட்டி ரோட்டுல வீசுறாரு. ஒரு கையில அவரு, ஒரு கையில போன். உன்னை மாதிரி வசனமா எழுதிட்டிருக்க முடியும்?” சற்று நிறுத்தினாள். “ஆமா, எங்க விட்டேன்னு நினைச்ச?”

“அப்பா டீ குடிச்சாச்சு” என்று பேச்சை மாற்றினேன்.

“பள்ளிக்கூடத்துலயா?”

“அக்கா…”

“அடிப்பாவி” என்றாள். ஆனால் சிரித்தாள். அவள் சிரித்துக் கேட்டு எத்தனையோ நாள் ஆகியிருந்தது. “பத்து நாள் வச்சுக்கோ. ஆறு மணிக்கு டூட்டிக்குன்னு கிளம்புவாரு. தடுக்காத, கூடப் போ.”

கூடப் போனேன். நாலு நாளில் என் இடுப்பு கழன்றது. ராத்திரியில் மூன்று தடவை எழுந்தேன், இரண்டு தடவை கத்தினேன், கத்தியதற்காக ஒரு தடவை அழுதேன்.

ஐந்தாம் நாள் ஒன்பதாவது பகுதியை வீட்டிலேயே போட்டுப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தேன். அவன் அப்பாவை முதுகில் சுமந்து வெயிலில் நடக்கும் பழைய காட்சி மறுபடி வந்தது. வசனமே இல்லாத இடம். மூச்சு மட்டும்தான். எங்கள் அப்பா எனக்குப் பின்னால் வந்து நின்று, வெகுநேரம் அதைப் பார்த்தார்.

“அந்தப் பையனுக்கு முதுகு வலிக்குமே, பாவம்” என்றார். “இறக்கி விடச் சொல்லும்மா.”

நான் திரையை நிறுத்தினேன். அக்காவுக்குச் செய்தி அனுப்பினேன். ‘மாசத்துல பாதி நாள் அப்பா இனிமே இங்கதான். நீ தூங்கு.’

பதில் வர நேரமானது. எத்தனை தடவை படித்தாளோ.

‘இதுல வேற அர்த்தம் ஒண்ணும் இல்லையே?’ என்று கேட்டிருந்தாள்.

‘இல்லை’ என்று போட்டேன்.